கான்கிள்ஸ் ஹாலோ: ஓஹையோவின் மணற்கல் இடுக்கும் அதன் குகைகளும்

ஓஹையோ என்றால் சோளக்காடும் சமதளமும்தான் என்று நினைத்திருப்பவர்கள், கொலம்பஸிலிருந்து தென்கிழக்கே யூ.எஸ். 33 சாலையில் லங்காஸ்டரைத் தாண்டும்வரை அப்படியே நினைத்துக்கொண்டிருக்கலாம். அதற்குப் பிறகு நிலம் மடியத் தொடங்கும். பனிப்பாறைகள் வந்து தேய்த்துச் சமமாக்கிய நிலம் அங்கே முடிகிறது. அதற்கு அப்பால் இருப்பது ஹாக்கிங் கவுண்டி. பனிப்பாறை இந்த மேடுகளை ஏறவில்லை, அதனால்தான் இடுக்குகளும் குகைகளும் தப்பின.

இந்தப் பகுதிக்கு வரும் நம்மவர்களில் பெரும்பாலோர் ‘ஓல்ட் மேன்ஸ் கேவ்’ பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அது நல்ல இடம்தான், ஆனால் அங்கே கூட்டத்துக்கு நடுவில் பாறையைப் படிக்க முடியாது. ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் முதலில் போக வேண்டியது கான்கிள்ஸ் ஹாலோ. இந்த நிலம் எப்படி உருவானது என்பது அங்கே சுவரிலேயே தெரியும். அதை ஒருமுறை பார்த்துப் பழகிவிட்டால் மற்ற எல்லாக் குகைகளும் தாமாகவே புரிந்துவிடும்.

பெயரைப் பற்றிச் சொல்லிவிடலாம். அப்பலாச்சிய மலைப்பக்கத்தில் இரண்டு சரிவுகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும் சிறு பள்ளத்தாக்கு ‘ஹாலோ’, ஊர்க்காரர்கள் வாயில் ‘ஹாலர்’. கான்கிள் ஒரு ஆள். டபிள்யூ. ஜே. கான்கிள் என்ற பெயரும் 1797 என்ற ஆண்டும் இந்த இடுக்கின் மேற்குச் சுவரில் செதுக்கப்பட்டிருந்தன. ஓஹையோ தனி மாநிலம் ஆனதே 1803இல்தான். அதற்கு முன்பே இந்தக் காட்டுக்குள் வந்த ஒருவர் பாறையில் பெயரைக் கீறிவிட்டுப் போக, இடத்துக்கு அதுவே பெயராகிவிட்டது. இன்று அதையே நீங்கள் செய்தால் குற்றம். காரணம் வெறும் சட்டமல்ல, பாறையின் தன்மை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

பாறையில் இருந்து ஆரம்பிப்போம். இங்கே சுவர்கள் எல்லாம் ‘பிளாக் ஹேண்ட்’ மணற்கல். இந்தப் பெயரும் விநோதமானதுதான். வடக்கே லிக்கிங் ஆற்றின் இடுக்கில் ஒரு பாறைமுகத்தில் கருநிறக் கை உருவம் ஒன்று இருந்தது. 1828இல் ஓஹையோ–ஈரி கால்வாய்க்குக் கரைப்பாதை போட அந்தப் பாறையை வெடி வைத்துத் தகர்த்தார்கள். கை போய்விட்டது, பெயர் கல்லுக்கு நின்றுவிட்டது. சுமார் 35 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, கிழக்கே இருந்த உயர்ந்த மலைகளிலிருந்து ஆறுகள் கொண்டுவந்து ஆழமில்லாத கடலில் கொட்டிய மணலும் கூழாங்கல்லும் இறுகியதுதான் இந்தக் கல். சுவரில் சாய்வான கோடுகள் அடுக்கடுக்காகத் தெரியும். ஓடும் நீர் மணலைத் தள்ளித் தள்ளிக் கொட்டிய தடம் அது. கோடு எந்தப் பக்கம் இறங்குகிறதோ, அந்தப் பக்கம்தான் அன்று நீர் போயிருக்கிறது.

இந்தக் கல் மூன்று பகுதிகளாகப் பிரிகிறது. மேல் பகுதி கெட்டி. கீழ்ப் பகுதியும் கெட்டி. நடுப்பகுதி மட்டும் பொலபொலவென்று இருக்கும், மணலைப் பிடித்துவைக்கும் காரை அங்கே போதாது. ஹாக்கிங் ஹில்ஸ் என்று அழைக்கப்படும் இந்தக் குன்றுப்பகுதி முழுவதையும் புரிந்துகொள்ள இந்த ஒரு விஷயம் போதும். மழைநீர் மேல்பகுதியின் விரிசல்கள் வழியே இறங்கி நடுப்பகுதியில் கசிகிறது. குளிர்காலத்தில் அந்த ஈரம் உறையும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் விரிந்து மணல் துகள்களைப் பிரித்துவிடுகிறது. உருகியதும் மணல் உதிர்கிறது. அடுத்த இரவு மறுபடி உறைகிறது. இப்படியே நடுப்பகுதி உள்வாங்கிக்கொண்டே போக, மேலே கெட்டிப் பாறை கூரையாக நீட்டிக்கொண்டு நிற்கிறது. வாசலில் கூரை இறக்கிய திண்ணை எப்படியோ அப்படித்தான் இங்குள்ள ‘குகைகள்’. முழுக்க உள்ளே நுழைந்து இருட்டில் நடக்கும் சுண்ணாம்புக்கல் குகைகள் அல்ல இவை. சொட்டுப்பாறைத் தூண்கள் எதையும் தேடாதீர்கள். பாறை ஒதுக்கு என்றே சொல்லலாம்.

கூரை அளவுக்கு மீறி நீண்டால் என்ன ஆகும்? கீழே தாங்க ஒன்றும் இல்லாமல், விரிசல் வழியாகப் பெரிய துண்டாகக் கழன்று விழும். இடுக்கின் தரையில் வீடு அளவுக் கற்கள் சாய்ந்து கிடப்பதைப் பார்ப்பீர்கள். அவை ஒருகாலத்தில் சுவராகவோ கூரையாகவோ இருந்தவை. மேலே நிமிர்ந்து பார்த்தால் அது பெயர்ந்து வந்த இடம், மற்ற சுவரைவிடச் சற்று வெளிறிய நேர்கோட்டு முகமாக, பல நேரம் அடையாளம் தெரியும்.

இப்போது பெயர் செதுக்கும் விஷயம். மணற்கல்லின் வெளிமுகத்தில் காலப்போக்கில் ஒரு மெல்லிய கடினத் தோல் உருவாகிறது. உள்ளிருந்து கசியும் நீர் கொண்டுவரும் இரும்பு முதலிய தாதுக்கள் மேற்பரப்பில் படிந்து இறுகியது அது. சுவரில் துருநிறமும் காவியும் கருமையுமாக ஓடும் பட்டைகளுக்கும் இரும்புதான் காரணம். சாவியாலோ கத்தியாலோ கீறினால் அந்தத் தோல் உடைந்துவிடும். உள்ளே இருப்பது விரலால் தேய்த்தாலே உதிரும் மணல். ஒருவர் கீறிய எழுத்து அதன்பிறகு ஒவ்வொரு மழைக்கும் ஒவ்வொரு உறைபனிக்கும் அகன்று, பக்கத்துக் கல்லையும் கூட்டிக்கொண்டு போகும். ஓல்ட் மேன்ஸ் கேவ் பாதையோரம் இதற்குச் சாட்சி ஏராளம். குழந்தைகளோடு போகிறவர்கள் காரை விட்டு இறங்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். கீறக்கூடாது என்று மட்டும் சொல்லாமல், ஏன் என்றும் சொல்லுங்கள்.

சுவரில் சில இடங்களில் தேன்கூடு போலச் சின்னச் சின்னக் குழிகள் நெருக்கமாக இருக்கும். ஒன்றை உற்றுப் பாருங்கள். குழிகளுக்கு நடுவே இருக்கும் மெல்லிய வரப்புகள்தான் கெட்டியானவை, காரை நன்றாகப் பிடித்த இடங்கள். குழிக்குள் அடியில் புதிதாக உதிர்ந்த மணல் கொஞ்சம் கிடக்கும். பக்கத்தில் நின்று பாருங்கள், தொட வேண்டாம்.

சரி, நடைக்கு வருவோம். பிக் பைன் ரோட்டில் நிறுத்துமிடம். நுழைவுக் கட்டணம் கிடையாது, வண்டி நிறுத்தவும் காசு இல்லை. திறந்திருக்கும் நேரம் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து மறைவுக்கு அரை மணி பின்புவரை. இது மாநில இயற்கைக் காப்பிடம், சாதாரணப் பூங்கா அல்ல. அதனால் நாய்க்கு அனுமதி இல்லை. பக்கத்தில் இருக்கும் மாநிலப் பூங்காக் குகைகளில் கயிறு கட்டி நாயைக் கூட்டிப் போகலாம், இங்கே முடியாது. நாயோடு வந்து வாசலில் திரும்பிப் போகிறவர்கள் எல்லா வார இறுதியிலும் இருக்கிறார்கள். புளிச்சோற்றுப் பொட்டலத்தையும் இங்கே பிரிக்க வேண்டாம். ஓல்ட் மேன்ஸ் கேவ் பக்கத்தில் மேசை போட்ட இடங்கள் உண்டு, சாப்பாட்டை அங்கே வைத்துக்கொள்ளுங்கள்.

பாலம் தாண்டியதும் பாதை இரண்டு வகை. ஒன்று இடுக்கின் அடியில் போகும் பாதை. போய்வர ஒரு மைலுக்குச் சற்றுக் கூடுதல். ஏற்றம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. தொடக்கத்தில் தளம் போட்டிருக்கிறார்கள், சக்கர நாற்காலியும் குழந்தைத் தள்ளுவண்டியும் போகும். கடைசிப் பகுதி மண்ணும் வேரும் ஈரமும். ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோருக்கு மூட்டுவலி இருந்தால்கூடத் தளம் முடியும்வரை தாராளமாக நடக்கலாம். அதற்குள்ளேயே பார்க்க வேண்டியதில் பாதி வந்துவிடும். ஓஹையோவில் முட்டிவலிக்காரர்களுக்கு இவ்வளவு உயரச் சுவர்களை அடியில் நின்று காட்டும் இடம் வேறு எளிதில் கிடைக்காது. சுவர்கள் கிட்டத்தட்ட 200 அடி உயரம். சில இடங்களில் இரு சுவருக்கும் நடுவே 300 அடிதான் இருக்கும், உள்ளே போகப் போக இன்னும் ஒடுங்கும். பாதை முடியும் இடத்தில் கூரை நீண்ட ஒரு பாறை ஒதுக்கும் மேலிருந்து விழும் சிறு அருவியும்.

அந்த அருவியை நம்பி ஆகஸ்ட் மாதம் போகாதீர்கள். நீர்வரத்துப் பரப்பு சின்னது. மழை பெய்து ஓரிரு நாளில் போனால் விழும், கோடையின் கடைசியில் சொட்டும், அவ்வளவுதான். மார்ச், ஏப்ரலில் நம்பிப் போகலாம். படம் எடுக்கிறவர்களுக்கு மேகமூட்டமான நாள் நல்லது. வெயில் நாளில் மேல்விளிம்பு வெளுத்துத் தரை கறுத்துவிடும். முக்காலி வைத்து கால் நொடி முதல் ஒரு நொடிவரை ஷட்டரைத் திறந்து வைத்தால் நீர் வழுக்கலாக விழும். போலரைசர் வடிகட்டி இருந்தால் ஈர இலையின் பளபளப்பு அடங்கிப் பச்சை தெரியும்.

இரண்டாவது, விளிம்புப் பாதை. சுமார் இரண்டரை மைல் சுற்று. முதலில் படிக்கட்டுகள், அங்கே மூச்சு வாங்கும். மேலே ஏறிவிட்டால் பெரும்பாலும் சமம். நிதானமாக நடந்தால் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். மேலே போனதும் காடே மாறிவிடும். கீழே ஈரமும் இருட்டும் பெரணிச் செடிகளுமாக இருந்தது, மேலே காய்ந்த பைனும் ஓக்கும் மவுண்டன் லாரல் புதர்களுமாக இருக்கும். நிற்கும் உயரம் 200 அடி மாறியதால் இப்படி ஆகவில்லை. மேலே மண் மெல்லியது, நீர் நிற்காது, வெயிலும் காற்றும் முழுதாகப் படும். கீழே சுவர்கள் வெயிலை மறைக்கின்றன, குளிர்ந்த காற்று கனமாக இருப்பதால் இறங்கி அங்கேயே தேங்குகிறது.

இந்த விளிம்புப் பாதையில் கம்பித் தடுப்பு கிடையாது. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஹாக்கிங் ஹில்ஸில் விளிம்பிலிருந்து விழுந்து இறந்தவர்கள் உண்டு, பாதையை விட்டு விலகியதுதான் பெரும்பாலும் தொடக்கம். எப்படி நடக்கிறது என்று பாருங்கள். விளிம்பில் பாறை சட்டென்று முடிவதில்லை, கொஞ்ச தூரம் வெளிப்பக்கமாகச் சரிந்து பிறகுதான் செங்குத்தாகிறது. அந்தச் சரிவின்மேல் இரண்டு மூன்று அங்குல மண், அதன்மேல் பைன் ஊசிகள், அதன்மேல் ஓக் சருகு. பார்வைக்கு நடக்கக்கூடிய தரை. கால் வைத்தால் அந்தப் படலம் மொத்தமாகப் பாறைமேல் வழுக்கும். பிடிக்கச் செடி இருக்கிறது என்று தோன்றும், ஆனால் அதன் வேரும் அந்த மண்படலத்தில்தான் இருக்கிறது, ஆளோடு சேர்ந்து வந்துவிடும். மழை பெய்திருந்தால், இலை உதிர்ந்திருந்தால், உறைந்திருந்தால் இன்னும் மோசம். நீங்கள் நிற்கும் விளிம்புக்கு அடியில் நடுப்பகுதி உள்வாங்கியிருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம், மேலிருந்து பார்த்தால் அது தெரியாது. படம் எடுக்கப் பின்னால் நகர்வது, குழந்தை முன்னால் ஓடுவது, இருட்டிய பிறகு கைப்பேசி வெளிச்சத்தில் நடப்பது மூன்றும் இங்கே கூடாது. பத்து வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளை விளிம்புப் பாதைக்குக் கூட்டிப் போகாதீர்கள் என்பதே என் கருத்து. அடிப்பாதையே அவர்களுக்குப் போதும், அவர்களுக்கு அதுதான் பிடிக்கவும் செய்யும்.

கைப்பேசி சிக்னல் இடுக்கில் பெரும்பாலும் கிடைக்காது. லோகன் ஊரிலேயே வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். 374ஆம் எண் சாலை வளைந்து வளைந்து போகும். பின்சீட்டில் வாந்தி வரும் பிள்ளை இருந்தால் அதற்குத் தயாராக இருங்கள்.

குளிர்காலம் அழகான பருவம், ஒதுக்குகளின் கூரையிலிருந்து ஆள் உயரத்துக்கும் மேலே பனிக்கூர்கள் தொங்கும். அவற்றுக்கு நேர் கீழே நிற்காதீர்கள். வெயில் வந்ததும் கழன்று விழும். படிக்கட்டுகளில் மிதிபட்ட பனி கண்ணாடியாகிவிடும், ஷூவுக்கு அடியில் மாட்டும் முள்சங்கிலி இல்லாமல் விளிம்புப் பாதை ஏறவே கூடாது. இலை நிறம் மாறும் காலம் அக்டோபர் நடுவிலிருந்து கடைசிவரை. அந்த வார இறுதிகளில் காலை ஒன்பதுக்குள் வந்துவிடுங்கள், பிறகு வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. சாலையோரப் புல்லில் நிறுத்தினால் அபராதச் சீட்டு. முடிந்தால் வார நாளில் வாருங்கள்.

கோடையில் உண்ணி. மான் உண்ணிதான் லைம் நோயைக் கொண்டுவருவது. வெளிர்நிற முழுக்கால் சட்டை, காலுறைக்குள் செருகியது. 0.5 சதவீத பெர்மெத்ரின் துணியில் மட்டும் தெளிக்க வேண்டும், தோலில் கூடாது. திரும்பி வந்ததும் முட்டிக்குப் பின்புறம், இடுப்புப் பட்டை ஓரம், பிள்ளைகளின் காதுக்குப் பின் எல்லாம் பாருங்கள். ஒட்டியிருந்தால் நுனி கூரான இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். திருகாதீர்கள், தீக்குச்சியும் எண்ணெயும் வேண்டாம். மூன்று இலையாக வரும் பாய்சன் ஐவியையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மரத்தில் ஏறியிருக்கும் கொடி மயிர் முளைத்தது போல இருந்தால் அதுதான், இலை இல்லாத குளிர்காலத்திலும் அரிக்கும்.

இனி மரங்கள். இந்த இடுக்கைக் காடாக வைத்திருப்பது ஈஸ்டர்ன் ஹெம்லாக். சாக்ரட்டீஸ் குடித்த நஞ்சுச் செடிக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான், ஆனால் இதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இது ஊசியிலை மரம். வடக்கே பனிப்பாறைகள் நின்றிருந்த பனியுகத்தில் இந்தப் பக்கம் பரவியது. பனிப்பாறைகள் பின்வாங்கி நாடு சூடானதும் மேட்டிலிருந்து மறைந்து, குளிர் தேங்கும் இந்த இடுக்குகளில் மட்டும் தங்கிவிட்டது. கனடா யூ, மஞ்சள் பிர்ச் போன்ற வடக்கத்திச் செடிமரங்களும் கூடவே இருக்கின்றன. ஹெம்லாக் நிழலில் வளரும், அதிக அவசரம் இல்லாத மரம். வெளிச்சம் கிடைக்கும்வரை பல பத்தாண்டுகள் ஒல்லிக் கன்றாகவே காத்திருக்கும். ஓடையின் நீர் கோடையில் சூடேறாமல் இருப்பது இதன் நிழலால்தான்.

ஒரு கிளையின் நுனியைத் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு ஊசியிலையும் அரை அங்குலம் இருக்கும், தட்டையாக இருக்கும். அடியில் இரண்டு வெள்ளைக் கோடுகள் ஓடும். இது ஆரோக்கியமான அடையாளம். ஆனால் ஊசி கிளையோடு சேரும் இடத்தில் வெள்ளைப் பஞ்சு உருண்டைகள் ஒட்டியிருந்தால் அது வேறு விஷயம். ஹெம்லாக் மரத்தின் சாற்றை உறிஞ்சும் மிகச் சிறிய பூச்சி, பஞ்சு போர்த்தியிருப்பதால் ‘வூலி அடெல்ஜிட்’ என்பார்கள். ஆசியாவிலிருந்து வந்தது, 1951இல் வர்ஜீனியாவின் ரிச்மண்ட் அருகே முதலில் கிழக்கு அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டது. ஓஹையோவின் இயற்கைக் காட்டில் 2012இல் தெரிந்தது, அடுத்த ஆண்டே ஹாக்கிங் கவுண்டிக்கு வந்துவிட்டது. ஊசியின் அடியில் வாயைச் செருகி மரம் சேமித்து வைத்த உணவை உறிஞ்சும். இங்கே எல்லாமே பெண் பூச்சிகள்தான், இணை இல்லாமலே முட்டையிடும். ஒன்று வந்தாலும் போதும். கவனிக்காமல் விட்டால் சில ஆண்டுகளில் மரம் சாகும். கடுங்குளிர் அடித்தால் பெரும்பகுதி மடியும், ஆனால் மிச்சம் இருப்பது மீண்டும் பெருகிவிடும்.

வனத்துறையினர் இமிடாக்ளோபிரிட் மருந்தை மரத்தடி மண்ணிலோ அடிமரத்திலோ செலுத்துகிறார்கள், ஒருமுறை செய்தால் சில ஆண்டுகள் காக்கும். இந்தப் பூச்சியைத் தின்னும் லாரிகோபியஸ் வண்டுகளையும் விடுகிறார்கள். அமெரிக்காவின் வடமேற்கிலிருந்து கொண்டுவந்தவை. நாம் செய்யக்கூடியது சின்னது, ஆனால் செய்தே ஆக வேண்டியது. வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும் குஞ்சுகள் ஊர்ந்து திரியும், உடையிலும் பையிலும் ஒட்டிக்கொள்ளும். அந்த மாதங்களில் கிளைகளை உரசிக்கொண்டு நடக்காதீர்கள். ஒரு நாளில் பல இடுக்குகளுக்குப் போவதாக இருந்தால், வண்டியில் ஏறுமுன் உடையை உதறிவிட்டு ஏறுங்கள்.

கான்கிள்ஸ் ஹாலோ முடிந்தபிறகு அரை நாள் மிச்சம் இருந்தால் ஓல்ட் மேன்ஸ் கேவுக்கு முன்பாக ராக் ஹவுஸ் போங்கள். 374 சாலையிலேயே வடக்கே. ஹாக்கிங் ஹில்ஸ் மாநிலப் பூங்காவில் உள்ளே நடந்து போகக்கூடிய உண்மையான குகை அது ஒன்றுதான். சுமார் 150 அடிச் சுவரின் நடுவில், 200 அடி நீளம், 20 முதல் 30 அடி அகலம், 25 அடி உயரக் கூரை. சுவருக்கு இணையாக ஓடிய ஒரு பெரிய விரிசலை நீர் அகலமாக்கியதால் கூடம் கிடைத்தது, அதைக் குறுக்கே வெட்டிய சிறு விரிசல்களால் சாளரங்கள் கிடைத்தன. வெளியே வந்து எதிரே நின்று பார்த்தால் சாளரங்கள் ஒரே மட்டத்தில் வரிசையாக நிற்கும், அதுதான் அந்த நடுப்பகுதி. படிகள் செங்குத்து, உள்ளே தரை சமமாக இருக்காது. வெளிச்சத்திலிருந்து நுழைந்ததும் கண் பழக ஒரு நிமிடம் நின்றுவிட்டுக் காலை எடுத்து வையுங்கள்.

நடக்க முடியாதவர்கள் கூட இருந்தால் ராக் ஹவுஸை விட்டுவிட்டுத் தெற்கே ஆஷ் கேவுக்குப் போகலாம். கால் மைல் தளம் போட்ட பாதை. முனைக்கு முனை 700 அடி, உள்ளே 100 அடி ஆழம், 90 அடி உயரம். குடியேறியவர்கள் வந்தபோது உள்ளே பழங்குடிகள் மூட்டிய நெருப்பின் சாம்பல் மேடாகக் கிடந்தது, பெயர் அதிலிருந்து. சாயங்காலத்தைவிடக் காலையில் கூட்டம் குறைவு. நீர் குறைந்த மாதங்களில் அருவி இருக்காது என்றாலும் கூரையின் அளவுக்காகவே பார்க்கலாம்.